குடிவழி ஆவணங் காத்தல் தமிழ்க் குடும்பங்களின் தலைக்கடன்

தமிழினத்தின் தொன்மையை மேடைதோறும் முழங்குவார் பலர். அவருள், தம் பாட்டியைப் பெற்ற பூட்டியின் பெயரைத் தடையின்றிச் சொல்ல வல்லார் எத்துணையர்? அப்பூட்டி எவ்வூரிற் பிறந்தாள், எவ்வூரில் வாழ்க்கைப்பட்டாள், எவ்வாண்டில் மறைந்தாள் என்று வினவின் விடை கூறுவார் மிக அரியர். ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசும் நாவுக்கு நூறாண்டுப் பழமை தெரியவில்லை. அரசன் கல்லில் வெட்டினான், செம்பிற் பொறித்தான், அவை நின்றன. உழவனும் நெசவனும் கொல்லனும் ஓலையில் எழுதி எரவாணத்திற் செருகினர். அவை செல்லரித்து மண்ணாயின. அதனாலேயே தமிழர் வரலாறு என்று இன்று எழுதப்படுவதிற் பெரும்பகுதி வேந்தர் வரலாறாகவும் கோயில் வரலாறாகவும் நிற்கின்றது.

இவ்விழப்புக்கு வறுமையும் படையெடுப்பும் மட்டுமே கரணியம் ஆகா. கையில் இருப்பதை அடுக்கி வைக்கும் பழக்கம் இன்மையே பெருங் கரணியம். தமிழர் வீடுகளிற் பலவற்றில் இன்றும் ஒரு பழைய தகரப்பெட்டி உண்டு. பாட்டன் காலத்து விலையாவணம், ஒற்றிச்சீட்டு, தீர்வை கட்டிய சீட்டு, பிறப்புக் குறிப்போலை, மலேயாவிலிருந்தோ பருமாவிலிருந்தோ வந்த கடிதம், திருமண அழைப்பிதழ், மொய் ஏடு, மங்கிய ஒளிப்படம் ஆகிய அனைத்தும் அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் திணிக்கப்பட்டுக் கிடக்கும். நிலத்தகராறு வந்தாலன்றி அப்பெட்டி திறக்கப்படுவதில்லை. திறக்கப்பட்டாலும், வேண்டிய ஒரு தாளை உருவிய பின் எஞ்சியவை முன்னினும் குலைந்து உள்ளே போகும். வீடு மாறுங்கால் அப்பெட்டி சுமையாகும். போகியன்று அதுவே விறகாகும். பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்தும் தீயில் பாட்டன் கையெழுத்தையும் சேர்த்துக் கொளுத்திவிட்டு, மறுநாள் தமிழர் திருநாள் கொண்டாடுவது எவ்வகை அறிவு?

தாளின்மையும் நாடின்மையும்

குடும்பத் தாள்களை அடுக்கிவைத்தல் ஓய்வு பெற்றோர்தம் பொழுதுபோக்கு என்று எண்ணுவார் இலங்கை மலையகத் தமிழர் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க. இலங்கை ஆங்கிலர் பிடியினின்று நீங்கிய 1948-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவழிக் குடிமகன் ஆதற்குத் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ காட்டுதல் வேண்டும். காப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் லயம் எனப்படும் வரிசைக் குடில்களிற் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே புதைந்த மாந்தர்க்குப் பிறப்புச் சான்று ஏது? பூட்டன் பிறந்த நாளை எழுதி வைத்தார் யார்? சற்றொப்ப 7 இலக்கம் தமிழர் அவ்வொரு சட்டத்தால் எந்நாட்டுக் குடியும் அல்லாதவராயினர்.

அடுத்து வந்த 1949-ஆம் ஆண்டுச் சட்டம், இடைவிடாது அந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது: மணமானவர்க்கு 7 ஆண்டு, மணமாகாதவர்க்கு 10 ஆண்டு. விண்ணப்பித்தோர் 8 இலக்கத்தினும் மிக்கோர். குடியுரிமை பெற்றோர் சற்றொப்ப 1,34,000 பேரே. பின்னர் 1964-இல் இரு நாட்டுத் தலைவர்களும் ஆடுமாடுகளைப் பங்கிடுவது போல் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு பாதியாக்கினர். இறுதியில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. இடையில் ஓடியவை 55 ஆண்டுகள்.

அச்சட்டம் வஞ்சகச் சட்டம் என்பதில் ஐயமில்லை. தாள் இருந்த தமிழரையும் அவ்வரசு அலைக்கழித்தது. ஆயினும் அவ்வஞ்சகம் கையிற் கொண்ட கருவி யாது? உன் தந்தைக்குச் சான்று காட்டு, உன் பாட்டனுக்குச் சான்று காட்டு என்னும் வினாவே. வல்லடி செய்வார் எப்போதும் வாளோடு வருவதில்லை, படிவத்தோடும் வருவர். படிவத்தோடு வருவாரை எதிர்கொள்ளற்கு ஆவணம் வேண்டும்.

முன்னோர் அறிந்த கலை

ஆவணங் காத்தல் மேலையரிடம் கற்க வேண்டிய புதுக்கலை என்று மயங்குவாரும் உளர். ஓலை, முறி, தீட்டு, சீட்டு, ஆவணம், பொத்தகம், பட்டோலை, வரிப்பொத்தகம் என இத்துறைக்குத் தமிழில் வழங்கிய சொற்களே அம்மயக்கத்தைத் தீர்க்கும். சோழர் காலத்தில் ஆவணங்கள் பலரறிய எழுதப்பெற்ற இடத்திற்கு ஆவணக்களரி என்றே பெயர்.

வேள்விக்குடிச் செப்பேடு கூறும் செய்தி இங்கு எண்ணத்தக்கது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு ஓர் ஊரைக் கொடுத்தான். களப்பிரர் ஆட்சியில் அவ்வூர் பறிபோயிற்று. பல தலைமுறை கழிந்து, 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவ்வழியில் வந்த ஒருவன் பாண்டியன் நெடுஞ்சடையன்முன் நின்று முறையிட்டான். அரசன் உடனே ஈந்துவிடவில்லை. நாட்டாரைக் கொண்டு பழமையை மெய்ப்பிக்கச் சொன்னான். மெய்ப்பித்த பின்னரே ஊர் மீண்டது. அக்கொடை ஆரிய வேள்விக்கு அளித்த கொடை என்பதும், உழுதவன் நிலம் ஓதியவன் கைக்குச் சென்றது என்பதும் வேறு வழக்கு. இங்குக் கொள்ளவேண்டியது ஒன்று: ஓதியவன் தன் குடிவழியையும் உரிமையையும் மறவாது வைத்திருந்தான், ஊர் மீண்டது. உழுதவன் குடிவழியைக் கேட்பார் யாரும் இலர். அவன் பெயரும் செப்பேட்டில் இல்லை.

12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பாடிய ஆரூரர் கதையிலும் இக்கலையின் நுட்பம் புலனாகும். ஆரூரரின் பாட்டன் எழுதிக் கொடுத்ததாக முதியவர் ஒருவர் ஓலை நீட்டுகின்றார். மணமகன் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு உளது என்கின்றார் முதியவர். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூலவோலையை வாங்கிப் படித்து, பாட்டன் முன்னர் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒத்துப் பார்த்து முடிவு கூறுகின்றனர். அடிமையோலை என்னும் பொருளையும் சமயக் கருத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு நோக்குக. மூலம் வேறு, படி வேறு என்பதும், கிழிபடுவது படியாகவே இருத்தல் வேண்டும் என்பதும், பாட்டன் கையெழுத்து பெயரன் காலத்திலும் காப்பில் இருக்கும் என்பதும் அன்றைய மக்கள் அறிந்த நடைமுறை. அன்றேல் புலவர் அதனைப் பாடியிரார்.

தாளுக்கு எண், பெயர்க்குப் பட்டியல்

இனி அடுக்கும் முறை. குடிவழி தொகுக்கப் புகுவார் பலர் முதலிற் செய்யும் பிழை, ஆளுக்கொரு உறை வைத்துத் தாள்களைப் பிரிப்பது. ஒரு விலையாவணத்தில் விற்றவர், வாங்கியவர், இருவர்தம் தந்தையர், நாற்புறத்து நிலத்தார், சான்றிட்டோர், எழுதியவர் எனப் பத்துப் பெயர் இருக்கும். அதனை எவர் உறையில் இடுவது? பாட்டன் உறையிலிட்டால் பாட்டனின் தம்பியைத் தேடுவார்க்கு அது கிட்டாது. ஆதலின் தாளை ஆளுக்கு உரிமையாக்கலாகாது. வந்த ஒழுங்கில் ஒவ்வொரு தாளுக்கும் 1, 2, 3 எனத் தொடரெண் ஒன்றே இடுக. அவ்வெண்ணை உறையின்மேலும், தாளின் பின்புற மூலையிற் கரிக்கோலால் மெல்லவும் எழுதுக. எழுதுகோல் மையால் எழுதுவது தாளைக் கெடுக்கும்.

பின்னர் ஒரு தடித்த குறிப்பேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்து செய்தி எழுதுக: இது யாது, எந்நாளினது, எவரெவர் பெயர் உளது, எவரிடமிருந்து வந்தது, மூலமா படியா. அதே ஏட்டின் பின்பகுதியில் பெயர்ப் பட்டியலை அகரநிரலில் எழுதி, ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே அவர் காணப்படும் தாள்களின் எண்களைக் குறிக்க. தாள் ஓரிடத்தில் இருக்கும். அதற்குச் செல்லும் வழி பத்தாக இருக்கும். இஃது ஒன்றே இம்முறையின் உயிர்நிலை.

பெரியவர்கள் வாய்மொழியாகக் கூறுவனவும் தாளே. கூறியவர் பெயர், அவர் அகவை, கூறிய நாள் மூன்றையும் குறித்து, அவர் சொன்னவாறே எழுதி, அதற்கும் ஓர் எண் இடுக. கண்டு சொன்னதையும் கேட்டுச் சொன்னதையும் வேறுபடுத்துக. இரு சான்று முரண்படின் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்தும் வேலை கூடாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிறந்தநாளும் பிறப்புக் குறிப்போலையில் வேறொரு நாளும் இருத்தல் நாட்டுப்புறத்திற் பெருவழக்கு. வகுப்பிற் சேர்க்கும் அகவைக்கு ஏற்ப ஆசிரியரே ஒரு நாளை எழுதிக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. இரண்டையும் எழுதி, எது எத்தாளில் உளது என்று எண் காட்டுக. தீர்ப்பைப் பின்வருவார் கூறட்டும். தேடியும் கிடைக்காதவற்றையும் குறித்து வைக்க; இன்ன அலுவலகத்தில் இன்ன ஆண்டுகளைத் தேடியாயிற்று என்னும் குறிப்பு, பெயரனின் அலைச்சலைக் குறைக்கும்.

மொய் ஏட்டை எளிதாக எண்ணலாகாது. நில ஆவணத்தில் ஆடவர் பெயரே நிறைந்திருக்கும். மொய் ஏட்டிலோ தாய்மாமன் ஊரும், மகளைக் கொடுத்த ஊரும், கொண்ட ஊரும் வரிசையாக நிற்கும். பெண்வழி உறவைக் காட்டும் சான்று அதனினும் சிறந்தது அரிது. ஈழத்து யாழ்ப்பாணத்தார் நீத்தார் நினைவாக அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு என்னும் சிறுபொத்தகமும் அத்தகையதே. அதிற் கொடிவழி முழுதும் அச்சேறியிருக்கும்.

ஆண்டு மயக்கமும் பெயர் மயக்கமும்

தமிழர் தாள்களை அடுக்குவார்க்கு இரு மயக்கங்கள் எதிர்ப்படும். முதலாவது ஆண்டு மயக்கம். பிரபவ முதல் அட்சய ஈறாகிய அறுபது வடமொழிப் பெயர்களால் ஆண்டு குறிக்கும் வழக்கம் தமிழர் தலையில் ஏற்றப்பட்டதன் தீமையை இங்கேதான் கையாற் பிடித்துப் பார்க்கலாம். பாட்டன் தாது ஆண்டில் இறந்தார் என ஓர் ஓலை கூறும். எந்தத் தாது? பெரும்பஞ்சம் நாட்டை வாட்டிய 1876-உம் தாது, 1936-உம் தாது, 1996-உம் தாது. அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழன்று வரும் பெயர், எண்ணிக்கை அற்ற பெயர். தொடர்ந்து பெருகும் எண் இல்லாத ஆண்டுமுறை, இனத்தின் நினைவைச் செக்குமாடு போல ஓரிடத்திலேயே சுற்ற வைக்கும். திருவள்ளுவர் ஆண்டின் இன்றியமையாமை இதனால் விளங்கும். அதனைத் தமிழக அரசு 1972 முதல் அரசிதழிலும் 1981 முதல் அலுவல் அனைத்திலும் மேற்கொண்டது. ஆங்கில ஆண்டோடு 31 கூட்டின் திருவள்ளுவர் ஆண்டு வரும்.

ஊர்க்கணக்கில் வழங்கும் பசலி ஆண்டு சூலை முதல் நாளில் தொடங்கும். பசலியோடு 590 கூட்டின் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்பது 1930 சூலை முதல் 1931 சூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்து ஓலைகளிற் கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் 1080 என்பது 1904–05. தாளில் உள்ளவாறே ஆண்டை முதலில் எழுதுக. அதன் பக்கத்தில் மாற்றிய ஆண்டை எழுதுக. உள்ளதை விட்டு மாற்றியதை மட்டும் எழுதினால், மாற்றியதிற் பிழை நேரின் மீள வழியில்லை.

இரண்டாவது பெயர் மயக்கம். பாட்டன் பெயரைத் தாங்குதலாற் பெயரன் எனப்பட்டான். ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் அதே பெயர் மீண்டும் மீண்டும் வரும். ஒரே குடும்பத்தில் நான்கு முத்தையன்கள் இருப்பின் எந்த முத்தையன் நிலம் வாங்கினான்? மேலையர் குடிப்பெயரால் அடுக்குவர்; தமிழர்க்குக் குடிப்பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆதலின் ஆளுக்கும் ஓர் எண் வேண்டும். 1590-இல் ஐட்சிங்கர் என்னும் ஆத்திரியர் வெளியிட்ட எண்முறை எளியது. தொகுப்பவர் 1, தந்தை 2, தாய் 3, தந்தையின் பெற்றோர் 4, 5, தாயின் பெற்றோர் 6, 7. எவர் எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை. இரட்டித்து ஒன்று கூட்டினால் அவர் தாய். இம்முறையில் தாய்க்கு இடம் விடாமல் எழுதவே இயலாது என்பது இதன் சிறப்பு. தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் என ஆண்வழியே அளந்து தாயரை மறந்த குடும்பம், காலியாகக் கிடக்கும் ஒற்றையெண்களைக் கண்டு நாணும்.

தமிழர் மணமுறைக்கு இதில் ஒரு குறிப்பு வேண்டும். தமக்கை மகளை மணந்த ஒருவரின் பிள்ளை இதனை எழுதினால், தந்தையின் பெற்றோராகிய 4, 5 எண்ணினரே தாய்வழிப் பாட்டியின் பெற்றோராகி 14, 15 என்னும் இடங்களிலும் வருவர். அதனைப் பிழையென்று அடிக்கலாகாது. 14-இன் எதிரே 4-ஐக் காண்க என்று எழுதினாற் போதும். மாமன் மகள், அத்தை மகள் மணங்களிலும் இவ்வாறே ஒருவர் ஈரிடத்தில் வருவர்.

உறவுச் சொல் தமிழில் இருக்க

இக்காலத்தார் சிலர் கணினியில் அயல்நாட்டு நிறுவனங்கள் ஆக்கிய மென்பொருள்களைக் கொண்டு கொடிவழி வரைகின்றனர். கருவி எவருடையதாயினும் ஆகுக. எழுதுவது தமிழாக இருத்தல் வேண்டும். இது மொழிப்பற்றினால் மட்டும் கூறுவதன்று. செய்தி இழப்பினாற் கூறுவது. பெரியப்பன், சிற்றப்பன், தாய்மாமன், அத்தையின் கணவர், சிற்றன்னையின் கணவர் ஆகிய ஐவரையும் ஆங்கிலம் அங்கிள் என்னும் ஒரே மூட்டையிற் கட்டும். பெரியப்பன் மகனும் மாமன் மகனும் கசின் ஆவர். தமிழிலோ ஒருவன் உடன்பிறந்தான்; மற்றவன் கொள்வினை கொடுப்பினைக்கு உரியவன். ஒரு சொல்லைக் கேட்ட அளவில் தந்தைவழியா தாய்வழியா, மூத்தவரா இளையவரா என்பது விளங்கும்.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதாரைக் குடவோலைக்கு விலக்குங்கால், அவர்தம் சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என உறவினரையும் முறை முறையாகப் பிரித்துச் சொல்லியே விலக்குகின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னர்க் கல்லில் தெளிவாக நின்ற முறை, இன்று கணினியில் கசின் என்று மங்குவது இழிவு.

அயலான் எழுத்தில் தமிழ்ப்பெயர் படும் பாட்டுக்கு நெற்றால் சான்று. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் தர்பனை அடைந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் அவருட் பெரும்பகுதியினர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணிட்டு, பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், வட்டம், உடலில் உள்ள வடு வரை ஆங்கில எழுத்தர் எழுதினர். காதில் விழுந்தவாறு எழுதியமையால் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் உருத்தெரியாமல் சிதைந்தன. சாதிப்பட்டங்கள் குடிப்பெயர்களாக ஒட்டிக்கொண்டன. இன்று அங்குள்ள வழித்தோன்றல்கள் தம் வேரைத் தேடுங்கால், பெயர் கைவிடுகின்றது; அந்த எண் கைகொடுக்கின்றது. அடக்கி ஆள இட்ட எண்ணே வேர் தேடுவார்க்கு விளக்கானது. தம் பெயரைத் தாமே தம் எழுத்தில் எழுதி வைக்கும் வாய்ப்பு அம்மக்கட்கு இல்லை. இங்குள்ளார்க்கு உண்டு, உண்டாகியும் எழுதார் ஆயின் குற்றம் எவருடையது?

சாதி ஏடு ஆகலாகாது

குடிவழி ஆராய்தல் சாதிச் செருக்கை வளர்க்கும் என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் பொய்யன்று. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் சாதி வரலாறு என்னும் பெயரால் அச்சேறிய பொத்தகங்கள் பல. அவற்றின் நோக்கம் பெரும்பாலும் ஒன்றே: தம் சாதி ஆரிய நால்வருணத்தில் மேற்படியைச் சேர்ந்தது என்றும், வேள்வித்தீயிலோ கதிரவனிடத்திலோ பிறந்தது என்றும் காட்டுவது. தமிழனாய்ப் பிறந்ததற்கு நாணி அயலான் கதையிற் புகலிடம் தேடும் அடிமை மனப்பான்மை அது.

ஆயின் அதற்கு மருந்து ஆவணத்தை எறிவதன்று. ஆவணத்தைக் கூர்ந்து படிப்பதே. சான்று இல்லாத இடத்திற்றான் புனைகதை குடியேறும். அடுக்கி வைத்த தாள்கள் செருக்கை அடக்கும். மன்னர் வழி என்று மார்தட்டும் குடும்பத்தின் பெட்டியில் ஒற்றிச்சீட்டும் கடன்முறியும் கிடக்கும். வந்தேறி என்று இகழப்பட்ட குடும்பத்தின் தாளில் அவ்வூரிலேயே ஐந்து தலைமுறை தீர்வை கட்டிய சான்று கிடக்கும். ஒரே குடும்பம் ஓர் ஆவணத்தில் ஒரு பட்டமும் அடுத்த தலைமுறையில் வேறொரு பட்டமும் பூண்டிருத்தலையும் காணலாம். பட்டம் மாறும் என்பதைக் கண்ணாற் கண்டவன் பட்டத்துக்காக வெட்டிக்கொள்ளான்.

ஆகவே ஒரு நெறி வேண்டும். பழந்தாளில் சாதிப்பெயர் இருப்பின் படியெடுக்குங்கால் அதனை மறைக்கலாகாது, மறைத்தல் பொய்ச்சான்று. ஆயின் குடும்பத்தார் புதிதாக எழுதும் ஏட்டில் சாதிப்பட்டத்தைப் பெயரோடு ஒட்டலாகாது. ஊர், தந்தை, தாய், தொழில் என்னும் நான்கே ஒருவரை அடையாளங் காட்டப் போதியவை. கலப்பு மணம் புரிந்தாரை விலக்கி வரையும் கொடிவழி, கொடிவழியன்று. அது வெட்டிய கிளைகளின் கணக்கு. ஊரார் வாயடங்க விலக்கப்பட்ட மகளின் பெயரையும் அவள் கணவன் பெயரையும் மக்கள் பெயரையும் அதற்குரிய இடத்தில் எழுதும் துணிவு இல்லாதவர் இப்பணியில் இறங்காதிருத்தலே நன்று.

படி பலவாகுக

தாளைக் காத்தலும் அடுக்குதலின் ஒரு பகுதியே. துருவேறும் குண்டூசியையும் கம்பியையும் நீக்குக. கிழிந்த இடத்திற் பசைநாடா ஒட்டற்க; சில ஆண்டில் அது பழுப்பேறி எழுத்தையும் உடன்கொண்டு போகும். ஞெகிழித்தாள் உருக்கி இருபுறமும் ஒட்டும் வழக்கம் மூலத்துக்கு இடும் விலங்கு. பின்னர்ப் பிரிக்க இயலாது. ஈரச்சுவரை ஒட்டிப் பெட்டியை வைக்கற்க. ஓலைச்சுவடியாயின் எண்ணெயிட அறிந்தாரைக் கேட்டே செய்க. ஒளிப்படத்தின் பின்னே, இருப்பவர் பெயரை இடமிருந்து வலமாகக் கரிக்கோலால் எழுதுக. பெயரில்லா ஒளிப்படம், பாட்டி மறைந்த மறுநாளே எவரோ ஒருவர் படமாகிவிடும்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி ஒரு படியெடுக்கும் பொறி. ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் படமெடுத்து, படத்தின் பெயராகத் தாளின் தொடரெண்ணையே இடுக. அப்படிகள் மூன்று ஊர்களில் மூன்று உறவினரிடம் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இருப்பது காப்பு ஆகாது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது சற்றொப்ப 97,000 பொத்தகங்களோடு, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சுவடிகளும் சாம்பலாயின. பகைவன் தீயை எவரும் தடுத்திலர். படி இருந்திருப்பின் அத்தீ பாதி தோற்றிருக்கும்.

ஒரு குடும்பம் காத்த தாள் ஒரு நாட்டின் வரலாறாகும் என்பதற்குப் புதுச்சேரி ஆனந்தரங்கர் நாட்குறிப்பு சான்று. 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதப்பெற்ற அக்குறிப்பேடுகள் வழித்தோன்றல்களின் வீட்டிற் கிடந்தன. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டு படியெடுப்பித்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. வீட்டார் தூக்கி எறியாமையால் வரலாறு பிழைத்தது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த உரோசா முத்தையா, பிறர் கழித்துத் தள்ளிய பொத்தகமும் இதழும் துண்டு வெளியீடும் திரட்டி ஒழுங்குற வைத்தார். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் அத்திரட்டே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பட்டமும் பதவியும் இல்லாத ஒரு தனிமாந்தன் செய்தது அது.

தமிழ்க் குடும்பத்தார் ஒவ்வொருவரும் வருகின்ற பொங்கல் விடுமுறையில் அத்தகரப்பெட்டியைத் திறக்க. போகித்தீயில் பாய் எரியட்டும், தாள் எரியற்க. வீட்டில் அகவை முதிர்ந்த பாட்டியை முதலில் அமர்த்தி, அவர் தாயின் பெயரையும் தாயின் தாய் பெயரையும் கேட்டு எழுதுக. முதல் தாளுக்கு 1 என்று எண்ணிடுக. ஏட்டின் முதற்பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டைக் குறிக்க. பாட்டி இருக்கும்வரை கேட்கலாம். அவர் மறைந்தபின் பெட்டியை மட்டுமே கேட்க இயலும். அடுக்கப்படாத பெட்டி விடை சொல்லாது.